ஒளித்து வைத்த வேகம்

1904-ல் தென்மேற்கு இங்கிலாந்தின் ஒரு மலைச்சரிவில் சிட்டி ஆஃப் ட்ரூரோ என்ற நீராவி எஞ்சின் மணிக்கு 102.3 மைல் வேகத்தில் இறங்கியதாகப் பதிவாகியிருக்கிறது. நம் கணக்கில் 165 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இப்படி ஒரு சாதனை கைக்கு வந்தால் எந்தக் கம்பெனியும் மறுநாளே ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருக்கும். அந்த எஞ்சினைக் கட்டி ஓட்டிய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயோ பதினெட்டு வருஷம் அந்த எண்ணைத் தன் வாயால் சொல்லவில்லை. சொன்ன பிறகும் நம்பாதவர்கள் இருந்தார்கள்; இன்றும் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த எண்தான் எஞ்சினை உலைக்குப் போகாமல் காப்பாற்றியது. அதே நாளில், அதே ரயிலை மீதித் தூரம் இழுத்து, சந்தேகத்துக்கு இடமில்லாத அருமையான ஓட்டம் ஓடிய இன்னோர் எஞ்சின் பழைய இரும்பாகப் போய்விட்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ட்ரூரோவின் கதை நியாயமாக இருக்கும்.

ட்ரூரோ என்பது இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் மாவட்டத்தில் உள்ள சிறிய பேராலய நகரம். அதன் பெயரைத் தாங்கிய எஞ்சின் 1903 மே மாதம் ஸ்விண்டன் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. தொழிற்சாலைக் கணக்கில் அதன் வரிசை எண் 2000. கம்பெனி கொடுத்த எண் 3440. நகரங்களின் பெயர் சூட்டப்பட்ட பத்துப் புது எஞ்சின்களில் அதுவும் ஒன்று. பிறக்கும்போது அதற்குத் தனிச் சிறப்பு எதுவும் கிடையாது.

சிறப்பு அந்த வகைக்கே இருந்தது. ஜார்ஜ் ஜாக்சன் சர்ச்வர்ட் ஸ்விண்டனின் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்று அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எஞ்சினின் உயிர் பாய்லரில் இருக்கிறது என்பது அவர் கட்சி. அதுவரை பாய்லர்கள் பெரும்பாலும் ஒரே விட்டமுள்ள நீள உருளைகளாக இருந்தன. நெருப்புப் பெட்டியை ஒட்டிய இடத்தில்தான் சூடு அதிகம், தண்ணீர் கொந்தளிப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் தண்ணீருக்கும் ஆவிக்கும் இடம் தாராளமாக இருக்க வேண்டும் என்று அவர் பாய்லரைப் பின்பக்கம் பருமனாகவும் முன்பக்கம் ஒடுங்கியும் அமைத்தார். நெருப்புப் பெட்டியின் மேற்புறத்தைத் தட்டையாக, தோள் சதுரமாக வைத்தார். இந்தப் புதிய பாய்லரைத் தூக்கி வைத்த அடிச்சட்டமோ பழைய பாணி: சக்கரங்களுக்கு உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம், அதற்கும் வெளியே சுழலும் கிராங்குகள். இழுக்கும் சக்கரங்கள் நான்கு, ஒவ்வொன்றும் ஆறடி எட்டரை அங்குல விட்டம். பக்கத்தில் போய் நின்றால் சக்கரம் நம் தலைக்கு மேலே போகும். முன்னால் தண்டவாள வளைவுகளுக்கு வழிகாட்ட நான்கு சிறு சக்கரங்கள்.

இந்த வகையின் திறமை சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1903 ஜூலையில், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசரை ஏற்றிக்கொண்டு சிட்டி ஆஃப் பாத் எஞ்சின் லண்டனிலிருந்து பிளிமத்துக்கு எங்கும் நிற்காமல் போனது. ஏறத்தாழ 246 மைல், நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த வேகத்துக்கு உண்மையான தேவை பிளிமத்திலிருந்து எதிர்த்திசையில் இருந்தது.

நியூயார்க்கிலிருந்து வரும் கப்பல்கள் முதலில் பிளிமத்தைத் தொட்டுவிட்டுப் பிறகே அடுத்த துறைமுகங்களுக்குப் போகும். லண்டனுக்குப் போகும் தபாலையும் பயணிகளையும் பிளிமத்திலேயே இறக்கி ரயிலில் அனுப்பினால் பல மணி நேரம் மிச்சம். அந்த வேலைக்கு இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டன: கிரேட் வெஸ்டர்ன், லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன். 1904 வசந்தத்தில் பயணிகளைச் சவுத் வெஸ்டர்ன் எடுத்துக்கொள்ள, தபால் மூட்டைகள் கிரேட் வெஸ்டர்னுக்கு வந்தன. சவுத் வெஸ்டர்னின் பாதை குறுக்கு வழி. கிரேட் வெஸ்டர்னுடையது பிரிஸ்டலைச் சுற்றிப் போக வேண்டிய நீண்ட வழி. தூரத்தில் தோற்றதை வேகத்தில் பிடிக்க வேண்டியிருந்தது. எந்த ரயில் எத்தனை நிமிஷத்தில் லண்டன் சேர்ந்தது என்று பத்திரிகைகள் எழுத, இரண்டு பக்கத்து டிரைவர்களுக்கும் ரோஷம் ஏறியது.

1904 மே 9, திங்கட்கிழமை. குரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் என்ற ஜெர்மன் கப்பல் பிளிமத்துக்கு வெளியே வந்து நின்றது. தபால் மூட்டைகள் சிறு படகில் மில்பே துறைக்கு வந்தன. ஐந்து தபால் பெட்டிகள், சுமார் 148 டன். காலை ஒன்பதரைக்குச் சற்று முன்னால் சிட்டி ஆஃப் ட்ரூரோ புறப்பட்டது. டிரைவர் எக்ஸிட்டர் ஷெட்டைச் சேர்ந்த மோசஸ் கிளெமென்ட்ஸ். பெட்டிகளில் தபால்காரர்களோடு இன்னொருவரும் இருந்தார்: சார்லஸ் ரவுஸ்-மார்ட்டன்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்து அங்கே பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். பிறகு லண்டன் வந்து ரயில் வேகத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்டார். அன்றைய எஞ்சின்களில் வேகமானி கிடையாது. டிரைவர்கள் வேகத்தை உணர்ச்சியால், காதால், அனுபவத்தால் கணித்தார்கள். ரவுஸ்-மார்ட்டன் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாதையோரம் கால் மைலுக்கு ஒன்றாக நட்டிருக்கும் கற்களைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். கல் கடக்கும் கணத்தில் கையிலுள்ள நொடிக் கடிகாரத்தைத் தட்டுவார். கடிகாரத்தின் முள் ஒரு நொடியை ஐந்தாகப் பிரித்துத் தாவும். அதற்கும் நுட்பமாக அதில் படிக்க முடியாது. அன்றைக்கு வேகச் சோதனை நடக்கப் போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். தயாராகத்தான் வந்திருந்தார்.

எக்ஸிட்டரைத் தாண்டினால் பாதை மெல்ல ஏறி ஒயிட்பால் சுரங்கத்தில் உச்சியைத் தொடும். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம். டெவன் மாவட்டம் முடிந்து சாமர்செட் தொடங்குவது அதன் தலைக்கு மேலேதான். ஏற்றத்தின் உச்சியிலேயே எஞ்சின் மணிக்கு 60 மைலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இருட்டைக் கிழித்து வெளியே வந்தால் வெலிங்டன் சரிவு. 80 அடிக்கு ஓரடி, 90 அடிக்கு ஓரடி என்று டாண்டன் நகரை நோக்கிப் பாதை இறங்குகிறது. ரயில் பாதைக்கு அது செங்குத்து என்றே சொல்லலாம். கிளெமென்ட்ஸ் எஞ்சினைத் தளர்த்தாமல் விட்டார்.

ரவுஸ்-மார்ட்டன் அடுத்தடுத்து ஐந்து கால் மைல்களைப் பதிவு செய்தார். 10 நொடி. 9.8. 9.4. 9.2. கடைசியாக 8.8. மைல் கணக்குக்கு மாற்றினால் மணிக்கு 90, கிட்டத்தட்ட 92, 96, 98, பிறகு 102.3. அந்த வேகத்தில் ஆறடி எட்டரை அங்குலச் சக்கரம் நொடிக்கு ஏழு முறைக்கு மேல் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து நான்கு முறை ஆவியை வெளியே தள்ளும். நொடிக்கு இருபத்தெட்டு முறை. புகைபோக்கியில் நாம் கேட்டுப் பழகிய குக்-குக் ஓசை அந்த வேகத்தில் இருக்காது, ஒரே இரைச்சல்தான்.

அத்தோடு ஓட்டம் அறுந்தது. கீழே தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்த கேங்மேன்கள் வழியைவிட்டு விலகுவதில் சுணக்கம் காட்டினார்கள். அவர்கள் பார்த்துப் பழகிய எந்த ரயிலும் அப்படி வந்ததில்லை. எவ்வளவு தூரத்தில் தெரிந்தால் எத்தனை நொடியில் தலைமேல் வந்து நிற்கும் என்று அவர்களுக்கு ஒரு மனக்கணக்கு இருந்திருக்கும், அது அன்று பொய்த்துப் போனது. கிளெமென்ட்ஸ் பிரேக்கைப் போட்டார். வேகச் சாதனைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ‘ஐயோ, இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால்’ என்று வருத்தப்படுவது வழக்கம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. மோசஸ் கிளெமென்ட்ஸ் அன்று செய்த சிறந்த காரியம் அந்தப் பிரேக்தான்.

பிரிஸ்டல் நகரின் ஓரத்தில் பில் ஹில் என்ற இடத்தில் ரயில் நின்றது. வடக்கே போக வேண்டிய தபாலோடு ஒரு பெட்டியைக் கழற்றினார்கள். ட்ரூரோவும் கழன்று ஒதுங்கியது. அதன் வேலை அங்கே முடிந்தது. பதிலுக்கு வந்து மாட்டியது டியூக் ஆஃப் கனாட். சர்ச்வர்டுக்கு முன்னால் இருந்த வில்லியம் டீன் வடிவமைத்த பழைய வகை அது. இருபுறமும் ஒவ்வொன்றாக ஒரே ஜோடி இழுப்புச் சக்கரம், ஏழடி எட்டு அங்குலத்துக்கும் மேலான உயரம், பார்க்க அவ்வளவு லட்சணம். டிரைவர் அண்டர்ஹில். பில் ஹில்லிலிருந்து லண்டன் பாடிங்டன் நிலையம் வரை 118 மைலுக்கு மேல்; அதை நூறு நிமிஷத்துக்குள் ஓடி முடித்தது. சராசரி மணிக்கு 71 மைல். சரிவில் ஒரு கணம் எட்டிய வேகமல்ல, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மூச்சுவிடாமல் தக்கவைத்த வேகம். தூரத்தில் தகராறு இல்லை. பிளிமத்திலிருந்து லண்டன் வரை மொத்தம் 3 மணி 47 நிமிஷம் என்ற அன்றைய சாதனையில் பெரிய பங்கு இந்தப் பழைய எஞ்சினுடையது.

ரவுஸ்-மார்ட்டன் தன் குறிப்பேட்டோடு வீட்டுக்குப் போனார். கம்பெனி அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டது: உச்ச வேகத்தை மட்டும் எழுத வேண்டாம். அவர் ஒப்புக்கொண்டார். மொத்தப் பயண நேரத்தைப் பாராட்டி எழுதினார். ஒயிட்பால் உச்சியில் என்ன வேகம் என்பதைக்கூடச் சொன்னார். சரிவில் நடந்ததை விட்டுவிட்டார். விஷயம் தெரிந்த வாசகன் அந்தக் குறிப்பிலிருந்தே மீதியை ஊகித்திருப்பான். ஆனால் ரயிலில் இருந்த ஒரு தபால் ஊழியரும் கடிகாரம் வைத்திருந்தார். அவர் மூலமாக மறுநாள் காலையே உள்ளூர்ப் பத்திரிகையில் 99-லிருந்து 100 மைல் என்று செய்தி வந்துவிட்டது. கம்பெனி அதை ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. செய்தி தானாக அடங்கிப் போனது.

கம்பெனி ஏன் அப்படிப் பயந்தது என்பதைப் புரிந்துகொள்ள எட்டு வருஷம் பின்னால் போக வேண்டும். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போகும் இரு பாதைக் கம்பெனிகள் 1888-லும் 1895-லும் தங்கள் ரயில்களை ஓட்டப்பந்தயம் போல ஓட்டின. 1896 ஜூலையில் பிரெஸ்டன் நிலைய வளைவில் ஒரு ஸ்காட்லாந்து ரயில் அளவுக்கு மீறிய வேகத்தில் வந்து தடம் புரண்டது. ஒருவர் இறந்தார். வேகம் என்றாலே ஜனங்கள் மிரண்டார்கள். டிக்கெட் வாங்குகிறவருக்கு 100 மைல் என்பது விளம்பரமா, எச்சரிக்கையா என்று கம்பெனிக்கே தெரியவில்லை.

பயம் வீண் போகவில்லை. 1906 ஜூலை 1, விடியற்காலை இரண்டு மணி அளவில், பிளிமத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் பயணிகளை ஏற்றி வந்த சவுத் வெஸ்டர்ன் ரயில் சால்ஸ்பரி நிலையத்தின் கூர்மையான வளைவில் புகுந்தது. 30 மைலில் கடக்க வேண்டிய வளைவு. அதன் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் வந்த எஞ்சின் கவிழ்ந்தது. ரயிலில் இருந்த 43 பயணிகளில் 24 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய அமெரிக்கர்கள். ரயில்வே ஊழியர் நான்கு பேரையும் சேர்த்து 28 உயிர். ட்ரூரோவின் ஓட்டம் எந்தப் போட்டியில் பிறந்ததோ அதே போட்டியின் பாதையில் வந்த ரயில் அது. டிரைவரும் இறந்துவிட்டதால் ஏன் அந்த வேகம் என்று கேட்க ஆளில்லை. வெலிங்டன் சரிவைச் சாகசமாக மட்டும் எழுதுகிறவர்கள் சால்ஸ்பரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் எண்ணம்.

ரவுஸ்-மார்ட்டனுக்கு ரகசியத்தை வைத்திருப்பது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். 1905-லேயே சர்வதேச ரயில்வே காங்கிரசின் இதழில், கம்பெனி பெயரும் எஞ்சின் பெயரும் இல்லாமல், ஆறடி எட்டங்குலச் சக்கரமுள்ள ஓர் எஞ்சின் என்று சொல்லி, அந்த ஐந்து கால் மைல் கணக்கையும் எழுதிவிட்டார். 1907 டிசம்பரில் ரயில்வே மேகசின் இதழில் எஞ்சினையும் அடையாளம் காட்டினார். அடுத்த வருஷம் காலமானார். கிரேட் வெஸ்டர்ன் தானே முன்வந்து அந்த வேகத்தை வெளியிட்டது 1922-ல்.

இனி அந்த 8.8-க்கு வருவோம். கால் மைலை 9 நொடியில் கடந்தால் வேகம் சரியாக மணிக்கு 100 மைல். 8.8 என்றால் 102.3. இரண்டுக்கும் வித்தியாசம் கடிகார முள்ளின் ஒரே ஒரு தாவல். கட்டைவிரல் ஐந்தில் ஒரு பங்கு நொடி முந்தினாலோ பிந்தினாலோ சரித்திரம் மாறிவிடும். அதோடு இன்னொரு நெருடல்: முந்தைய கால் மைலில் 98, அடுத்ததில் 102 என்றால், வெறும் 400 மீட்டரில் நாலரை மைல் வேகம் கூடியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஏறிய விதத்தோடு பார்த்தால் இந்தத் தாவல் அதிகம். காற்றின் எதிர்ப்பு வேகம் கூடக் கூடக் கடுமையாகும், எஞ்சினின் உபரிச் சக்தி குறையும். ஆகவே கடைசி நொடிக் கணக்கு கொஞ்சம் குறைந்தும் அதற்கு முந்தையது கொஞ்சம் கூடியும் பதிவாகியிருக்கலாம் என்பது சந்தேகப்படுகிறவர்கள் வாதம். ஒரு கல்லைப் பார்த்த கணம் சற்றே பிசகினால் அப்படித்தான் ஆகும். ஒன்றில் விட்டது மற்றதில் சேரும். ஆனால் அப்படிப் பிசகியிருந்தாலும் 9.2-உம் 8.8-உம் கூட்டினால் 18 நொடி. அரை மைலுக்கு 18 நொடி என்றால் சராசரி அப்பட்டமாக 100. நடுக்கல்லில் நேர்ந்த பிழை இந்தக் கூட்டலைத் தொடாது.

நான் படித்தவரை எனக்குத் தோன்றுவது இது: எஞ்சின் 100-ஐத் தொட்டிருக்கிறது, அல்லது தொடும் தூரத்தில் இருந்திருக்கிறது. 102.3 என்ற புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணுக்கு அந்தக் கடிகாரம் சாட்சி சொல்லாது. அமெரிக்காவில் 1893-ல் 999 என்ற எஞ்சின் 112.5 மைல் போனதாகச் சொல்வதை இன்று நம்புகிறவர்கள் குறைவு. அதற்குப் பக்கத்தில் வைத்தால் ரவுஸ்-மார்ட்டனின் பதிவு எவ்வளவோ நேர்மையானது. ஐந்து எண்ணையும் வெளியே வைத்து, நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டவர் அவர்.

ஓட்டம் முடிந்த பிறகு ட்ரூரோ சாதாரண எஞ்சினாக உழைத்தது. சர்ச்வர்ட் அதைவிடப் பெரிய, நான்கு சிலிண்டர் எஞ்சின்களைக் கட்டிக்கொண்டு போக, முதல் தர ரயில்கள் அவற்றுக்குப் போயின. 1912-ல் ட்ரூரோவின் எண் 3717 ஆனது. ஆவியை மேலும் சூடேற்றும் குழாய்கள் பாய்லரில் சேர்ந்தன. கிளை ரயில்களும் சில்லறை வேலைகளுமாக வயது ஏறியது. டியூக் ஆஃப் கனாட்டும் அதன் அழகான உடன்பிறப்புகளும் 1915-க்குள் எல்லாமே உடைக்கப்பட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அண்டர்ஹில் நூறு நிமிஷத்துக்குள் லண்டன் சேர்த்த அந்த ஏழடிச் சக்கரத்தை இன்று படத்தில்தான் பார்க்க முடியும்.

ஸ்விண்டனுக்குப் பழசின் மேல் கண்ணீர் சிந்தும் பழக்கம் இல்லை. கம்பெனி 1838-ல் ஓட்டிய முதல் ரயிலை இழுத்த நார்த் ஸ்டார், 1851 லண்டன் பெரும் கண்காட்சியில் வைத்த லார்ட் ஆஃப் தி ஐல்ஸ், இந்த இரண்டு அகலப்பாதை எஞ்சின்களையும் தொழிற்சாலை பல வருஷம் பாதுகாத்து வைத்திருந்தது. 1906-ல் இடம் அடைக்கிறது என்று இரண்டையும் உடைத்தார்கள். பொறுப்பில் இருந்தவர் சர்ச்வர்ட். 1925-ல் ரயிலின் நூற்றாண்டு விழாவுக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் நார்த் ஸ்டாருக்கு ஒரு நகல் செய்ய வேண்டி வந்தது. பழைய எஞ்சினின் உறுப்புகள் சில அங்கங்கே பத்திரமாக இருந்தன. அவற்றை வாங்கி அந்த நகலில் பொருத்தினார்கள்.

அந்த அவமானம் ட்ரூரோவுக்கு உதவியதா என்று எனக்குச் சந்தேகம்தான். 1931 மார்ச்சில் அதை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சர்ச்வர்டுக்குப் பின் வந்த சார்லஸ் காலெட் அதைக் காப்பாற்ற நினைத்தார். கம்பெனி இயக்குநர்கள் அதற்குக் காசு செலவழிக்க மாட்டோம் என்றார்கள். காலெட் வேறு வழி தேடி, லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயிடம் கேட்டார். அந்தக் கம்பெனி யார்க் நகரில் சில வருஷங்களுக்கு முன்புதான் ரயில் அருங்காட்சியகம் திறந்திருந்தது. அவர்கள் சரி என்றார்கள். கிரேட் வெஸ்டர்னின் பெருமை, தன் வீட்டில் இடமில்லாமல், இன்னொரு கம்பெனியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று வருஷம் கழித்து, 1934 நவம்பர் 30 அன்று, அதே நார்த் ஈஸ்டர்னின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் அளவுக் கருவிப் பெட்டியோடு ஓடி 100 மைலைத் தொட்டது. உலகில் சந்தேகமின்றி நூறைத் தொட்ட முதல் நீராவி எஞ்சின் என்று இன்றும் பேசப்படுவது அதுதான். போட்டிக்காரனின் பழைய சாட்சியத்தைத் தன் கூரைக்குக் கீழே துடைத்து வைத்துக்கொண்டே தன் சாதனையை அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ட்ரூரோ யார்க்கில் இருந்தபோது சர்ச்வர்ட் உயிரோடு இருந்தார். ஓய்வுபெற்று ஸ்விண்டனில், பாதைக்கு அருகிலேயே வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். காதும் கண்ணும் மங்கிப் போயிருந்தன. 1933 டிசம்பர் 19 அன்று மூடுபனிக் காலையில், தண்டவாளத்தில் ஏதோ சரியில்லை என்று பார்க்கப் பாதைக்குள் இறங்கினார். பாடிங்டனிலிருந்து வந்த விரைவு ரயில் மோதி இறந்தார். அந்த ரயிலை இழுத்த எஞ்சின், அவர் வகுத்த வழியில் அவர் வாரிசு கட்டியது.

போர் வந்தபோது ட்ரூரோவை யார்க்கிலிருந்து ஸ்காட்லாந்து எல்லையில் உள்ள ஸ்ப்ரூஸ்டன் என்ற சிற்றூர் நிலையத்துக்கு அனுப்பி வைத்தார்கள். 1942 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் யார்க்கில் குண்டு போட்டு நிலையத்தை எரித்தன. எஞ்சின் அப்போது அங்கே இல்லை. போர் முடிந்ததும் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது.

அத்தோடு முடிந்திருந்தால் மற்ற அருங்காட்சியகப் பொருள்களைப் போல இதுவும் ஒன்று. 1957-ல் நாட்டுடைமையாகிவிட்ட ரயில்வேயின் மேற்கு மண்டலம் அதை வெளியே எடுத்து, பாய்லரைச் சரிபார்த்து, 1903-ன் அலங்காரப் பச்சை வண்ணம் பூசி, பழைய 3440 எண்ணைத் திரும்பக் கொடுத்து ஓடவிட்டது. ரயில் ரசிகர்களுக்கான சிறப்பு ரயில்களுக்கு அது போனது. சிறப்பு ரயில் இல்லாத நாளில் சும்மா நிறுத்தி வைக்கவில்லை. டிட்காட்டிலிருந்து நியூபரி வழியாக சவுத்தாம்ப்டன் போகும் பாசஞ்சர் ரயிலில் மாட்டி அனுப்பினார்கள். காலையில் வேலைக்கும் சந்தைக்கும் போகிற ஆள், பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால், தாத்தா காலத்துச் சாதனை எஞ்சின் தன் இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறது. இந்தக் கதையில் எனக்கு எதையாவது நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தால், வெலிங்டன் சரிவைவிட அந்த நியூபரி பாசஞ்சரைத்தான் கேட்பேன்.

1961-ல் மறுபடி ஓய்வு. அடுத்த வருஷம் ஸ்விண்டனில் திறந்த கிரேட் வெஸ்டர்ன் அருங்காட்சியகத்துக்குப் போனது. பிறந்த ஊர் கடைசியில் இடம் கொடுத்தது. 1984-ல் அங்கிருந்தும் எடுத்து, 1985-ல் கம்பெனியின் 150-ஆம் ஆண்டுக்காக ஓட வைத்தார்கள். 2004-ல் ஓட்டத்தின் நூற்றாண்டு வந்தபோது மூன்றாம் முறை உயிர் கொடுத்தார்கள். பாரம்பரியப் பாதைகளில் சில வருஷம் நன்றாக ஓடியது. 2011-ல் பாய்லர் குழாய்கள் கசிந்து பழுது வெளிப்பட்டது. செப்பனிட்டு ஓட்டலாம் என்று முதலில் பேசி, பிறகு வேண்டாம், காட்சிக்கு நிற்கட்டும் என்று முடிவானது.

அந்த முடிவு சரியா என்று ரயில் ரசிகர்களிடையே வாக்குவாதம் உண்டு. நெருப்பு இல்லாத எஞ்சின் எஞ்சினே அல்ல என்பார்கள் ஒரு சாரார். அந்த உணர்ச்சியில் எனக்கும் பாதி உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை ஓட வைக்கும்போதும் தேய்ந்த உலோகம் போய்ப் புது உலோகம் வருகிறது. ஏற்கெனவே இந்த எஞ்சினில் 1904-ஐச் சேர்ந்தது எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஸ்விண்டனில் பழுதுபார்க்க வரும் எஞ்சினின் பாய்லரை இறக்கி, தயாராக இருக்கும் வேறொன்றை ஏற்றி அனுப்புவதுதான் முறை. சில நிலையான அளவுகளில் பாய்லர்களைச் சர்ச்வர்ட் வடிவமைத்ததே அதற்காகத்தான். 2010-ல் கிரேட் வெஸ்டர்னின் 175-ஆம் ஆண்டுக்கு 3717 என்ற பிற்கால எண்ணோடும் எளிய வண்ணத்தோடும் அதை ஓட்டியது அந்த வகையில் நேர்மையான செயல். உடம்பு 3717-னுடையது, புகழ் 3440-னுடையது.

இப்போது அது பிரிட்டனின் தேசிய ரயில் சேகரிப்பில் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் பித்தளைப் பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல் சற்றுக் குனிந்து, வெளிச்சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிராங்கைப் பார்க்க வேண்டும். சாதனை நிமிஷத்தில் நொடிக்கு ஏழு சுற்று, அந்தக் கனமும் அந்த நீளமுமான இரும்பு, மேலே இருந்த டிரைவருக்கு வேகம் எவ்வளவு என்று சொல்ல ஒரு கருவிகூட இல்லை.